பண்ணாடிக்கு வந்த நோய்

"மறுபடியும் நின்னுட்டான் பாருங்க, மச்சான்!" என்றான் சின்னண்ணன்.

வாசலில் போட்டிருந்த கட்டிலில் படுத்தபடியே சென்னியப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார். எருக்குழிக்கும் கடலைக்காட்டுக்கும் நடுவில், தலையில் எருக்கூடையோடு பண்ணையாள் ஆண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

"எத்தனையாவது?"

"இந்த ஒரு நடைக்கு மூணாவது. எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"முழுசா இருநூறு அடி இல்லை. அதுக்குள்ளே மூணு தடவையா!"

சென்னியப்பன் அந்தப் பண்ணைக்குச் சொந்தக்காரர். ஆட்கள் அவரைப் பண்ணாடி என்று கூப்பிடுவார்கள். சின்னண்ணன் அவர் மனைவி சௌந்திரத்தின் தம்பி.

போன மாதம் கால்வலி என்று, ஆண்டியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பண்ணாடி பஸ் ஏறிச் சேலம் போனார். பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து கட்டில்தான். கால் தாழ்ந்திருக்க வேண்டுமாம். அதற்காகத் தலைமாட்டில் நாலு செங்கல். பாதத்துக்குக் கம்பளி உறை. வேளைக்கு ஒரு கோடு என்று காகிதம் ஒட்டிய சீசாவில் மருந்து.

நோயின் பெயர் யார் வாயிலும் நுழையாது. பாதி மரியாதை அதனாலேயே வந்தது.

"கெண்டைக்காலுக்கு ரத்தம் எறங்கறதில்லையாம். நடந்தா வலி புடிச்சுக்கும், நின்னா உட்டுரும். அசட்டையா இருந்தா காலையே எடுக்கணும்னுட்டார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"நம்ம பக்கத்துல ஆருக்கும் இப்படி வந்ததில்லீங்களே!"

"டாக்டரும் அதையேதான் சொன்னார்."

இதுவரை சாத்துக்குடியோடு வந்து விசாரித்தவர்கள் பதினேழு பேர். அவர்களில் ஆறு பேர், தங்களுக்கும் லேசாக அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆண்டி வெறுங்கூடையோடு திரும்பினான். பண்ணாடி கூப்பிட்டார்.

"ஏண்டா, நடுவழியிலே நின்னு என்ன வேடிக்கை?"

"வேடிக்கை இல்லீங்க பண்ணாடி. அறுவது அடி வெச்சா கெண்டைக்கால்ல கவ்விப் புடிக்குதுங்க. செத்த நேரம் நின்னா உட்டுருதுங்க."

சின்னண்ணன் சிரித்தான். "கேட்டீங்களா மச்சான்? உங்க நோயை அப்படியே ஒப்பிக்கிறான்! காது நல்லாத்தான் கேக்குது."

ஆண்டி தயங்கினான். "பண்ணாடி, அந்த டாக்டரு என் காலையும் அமுக்கிப் பாத்தாருங்க. வெராந்தாவுல நடக்க உட்டும் பாத்தாரு. அப்பறம் உங்களைத்தான் உள்ளே கூப்பிட்டுப் பேசினாரு. எனக்கு என்னன்னு சொன்னாருங்க?"

"உனக்கென்ன? நோய்க்காலைப் பார்க்கிறவர் ஒப்புப் பார்க்க ஒரு நல்ல கால் வேண்டாமா? அதுக்குத் தொட்டார்."

ஆண்டிக்கு அது நியாயமாகவே பட்டது.

பால் கொண்டுவந்த சௌந்திரம் குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, இவன் பெருவிரல் கறுத்துப் போயிருக்குதுங்க. இன்னைக்கு ஒரு நாள் உக்காரட்டுமே."

"காட்டு வேலை செய்யறவன் காலு பின்னே செவப்பாவா இருக்கும்?" பண்ணாடி பாலை வாங்கிக்கொண்டார். "இதோ பாரு ஆண்டி. இனிமே ஒரு நடைக்கு ஒரு தடவைதான் நிக்கலாம். ரெண்டாவது தடவை நின்னே, இன்னைக்கே குடிசையைக் காலி பண்ணிரு. உன் பொண்டாட்டி அத்தாயியும் புள்ளைகளும் எங்கே படுப்பாங்கன்னு நீயே யோசிச்சுக்க."

ஆண்டி கூடையை நிரப்பித் தலையில் வைத்தான். அறுபதாவது அடியில் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்பது வரை போனான். தொண்ணூற்றிரண்டில் கூடையோடு கீழே சாய்ந்தான்.

"நடிப்பைப் பாருங்க!" என்றான் சின்னண்ணன்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. இறங்கியவர் சேலத்து டாக்டர்.

"ராசிபுரம் வரைக்கும் ஒரு நோயாளியைப் பார்க்க வந்தேன். அப்படியே இங்கேயும் பார்த்துட்டுப் போகலாம்னு..." என்று பேசிக்கொண்டே வந்தவர், கட்டிலையும் செங்கலையும் சீசாவையும் பார்த்து நின்றுவிட்டார். "நீங்க ஏன் இதிலே படுத்திருக்கீங்க?"

"நீங்க சொன்னபடியேதானுங்க செஞ்சிருக்கோம்" என்றாள் சௌந்திரம். "ஒரு வேளைகூட மருந்து தவறலீங்க."

"இவருக்கா? இவர் காலுக்கு ஒரு குறையும் இல்லையேம்மா! உட்கார்ந்தே இருக்கிறதால வர்ற வலி, தினம் நாலு மைல் நடங்கன்னு சொல்லி அனுப்பினேன். செங்கல், கம்பளி, மருந்து, ஓய்வு எல்லாம் கூட வந்தாரே ஆண்டி, அவருக்குச் சொன்னது. எங்கே அவர்?"

சின்னண்ணனின் கை காட்டுப் பக்கம் நீண்டது. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினார்.

சௌந்திரம் புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க இப்படிப் பண்ணினீங்க?"

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பண்ணாடிக்கு ஒண்ணுமில்லை, பண்ணையாளுக்குத்தான் பெரிய நோய்னு ஊருக்குள்ளே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுடீ சொல்லுவேன்?"