அறுபது மைல் வேகம்

மாமனார் காசிமாயன் காருக்கு அடியில் கிடந்து பழைய எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டியிலேயே ஒரே ரேஸ் கார் அது. இரண்டே பேர்தான் உட்காரலாம். புதுப்பெண் முத்துத்தாயோடு அதில் தன் ஊருக்குக் கிளம்பவிருந்த தவசிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“எம்புட்டு வேகம் போகும், மாமா?”

“அறுபது மைல் சாதாரணமாப் போகும், மாப்ள.”

“பேரையூர்ல என் சேக்காளிக பூராம் ரோட்டுல காத்துக்கிட்டு நிப்பாங்க. சீக்கிரம், மாமா.”

“எண்ணெய் விசயத்துல அவசரம் ஆகாது, மாப்ள.”

புது எண்ணெயை ஊற்றி மூடியை இறுக்கினார். காற்றில் பறந்துவிடாதபடி தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தவசி மனைவியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

“சுடலை, கிளம்பலாம்ப்பா!” என்று மாமனார் குரல் கொடுத்தார்.

வேலையாள் சுடலை இரண்டு காளைகளை ஓட்டிவந்து காரின் முன்னால் பூட்டிவிட்டு, சாட்டையோடு பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்தான். முத்துத்தாய் முந்தானையால் சிரிப்பை மறைத்தாள்.

“ஜப்பான்காரன் சண்டை ஓயுற வரைக்கும் பெட்ரோல் ஏது, மாப்ள?”

“அப்புறம் எதுக்கு மாமா எண்ணெய் மாத்துனீங்க?”

காசிமாயன் மாட்டைத் தடவுவதுபோலக் காரைத் தடவிக்கொடுத்தார்.

“மாட்டுக்கு மட்டும் தீனி வச்சுட்டு இதைப் பட்டினி போட்டா, ஏங்கிப்போகாதா?”