மைத்துனன் கண்டுபிடித்த வழி

கணினிக் கோப்புகளைப் பூட்டும் மென்பொருள் விற்கும் மாமாவின் மேசைமேல், கணித ஆராய்ச்சி செய்யும் மைத்துனன் தன் மடிக்கணினியைத் திறந்து வைத்தான்.

"மாமா, உங்க பூட்டுல பூட்டுற சாவி ஊருக்கே தெரியும். அதை வெச்சுத் திறக்கிற சாவியைக் கண்டுபிடிக்க ஆயிரம் வருஷம் ஆகும்னுதானே விக்கிறீங்க? ஒரு மணி நேரத்துல கண்டுபிடிக்க வழி இதுல இருக்கு. ஆறு வருஷ உழைப்பு. நாளைக்கு வெளியிடப்போறேன். அக்கா நடுத்தெருவுல நிக்கக் கூடாதேன்னு முதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

"நகல் இருக்கா?"

"திருட்டுக்குப் பயந்து எடுக்கல. மூணு லட்சம் எண்கள், மனசுலயும் நிக்காது."

"கெட்டிக்காரன்டா மாப்ளே. இப்படியா திறந்து போட்டு வைப்ப? கொண்டா, பூட்டித் தரேன்."

மாமா நாலு தட்டுத் தட்டினார். திரையிலிருந்த எண்களெல்லாம் கலைந்து குப்பையாயின.

"திறக்கிற சாவி, மாமா?"

"அழிச்சிட்டேன்."

அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து விசைகளைத் தட்டிப் பார்த்தான்.

"ஏன்டா முழிக்கிற? உன் வழி நிஜம்னா ஒரு மணி நேரத்துல நீயே திறந்துக்கலாமே," என்றார் மாமா, வாடிக்கையாளரிடம் பேசும் அதே தேன் குரலில்.

"வழியே உள்ளதான் மாமா இருக்கு."

மறுவாரம் மாமாவின் விளம்பரத்தில், அக்கா கல்யாணத்தில் எடுத்த அவன் படம் பல்லைக் காட்டிச் சிரித்தது. கீழே கொட்டை எழுத்தில்: 'ஆறு வருடம் முட்டி மோதிய கணித மேதையாலும் திறக்க முடியாத பூட்டு.'