நித்யமல்லிக்குத் தீட்டு

“தொட்டிய உள்ள எடுத்து வச்சுடணும் அக்கா, இந்த வாரம் உறைபனி கொட்டுமாம்” என்றாள் வசு, லீட்ஸிலிருந்து போனில்.

“கொடிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடேண்டி.”

“இவர் காதுல விழுந்தா போறும். கம்பளி வாங்கக் கிளம்பிடுவார்.”

சித்ரகுளத்துப் பக்கம், வீட்டு மொட்டைமாடியில் நின்ற ரத்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழே அண்ணாவுக்குக் கேட்கக் கூடாது.

ராயப்பேட்டை வலியுல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டு போனவளுக்கு அந்த வீட்டில் என்றைக்கோ தலைமுழுகியாகிவிட்டது. மொட்டைமாடியில் மட்டும் அவள் இன்னும் தங்கை.

மாடியேறிப் படர்ந்த நித்யமல்லியின் ஒரு போத்தை ஈரத்துணியில் சுற்றி, ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள் ரத்னா. அங்கே அது கோடையில் தோட்டத்தில் பூக்கும். குளிர் வந்தால் வீட்டுக்குள் வந்து இலையுதிர்த்துத் தூங்கும்.

“நித்யமல்லின்னு பேரு, பாதி வருஷம் லீவு” என்பாள் வசு.

மறுநாள் அவள் போய்விட்டாள். மாரடைப்பு.

செய்தி கேட்ட அண்ணா ஸ்ரீனிவாசராகவன், “அவளுக்குத்தான் அப்பவே ஸ்நானம் பண்ணியாச்சே” என்றார்.

யாரும் குளிக்கவில்லை. சாயங்காலம் பெருமாளுக்கு எப்போதும்போல் மாலை. ரத்னாதான் பறித்தாள். ரத்னாதான் தொடுத்தாள்.

நாலாம் நாள் பூக்குடலையோடு மாடிக்கு வந்தபோது போன் அடித்தது. திரையில் ‘வசு’ என்றிருந்தது.

“அக்கா, நான் வலியுல்லா பேசறேன்.”

இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

“அந்தக் கொடி வெளியதான் கீதுக்கா. நேத்து பனியில எலையெல்லாம் கறுத்துப்போச்சு. இன்னிக்கும் கொட்டுமாம்.”

“உள்ள எடுத்து வைக்கலையா?”

“எப்டிக்கா தொடறது? உங்கப்பா மவுத்தானப்போ அவ இதத் தொடவே இல்ல. தீட்டு, தொட்டா கருகிடும்னா. நான்தான் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன். இப்போ எனக்குத்தானே தீட்டு? எத்தினி நாளுன்னு தெரியல. கேக்கறதுக்கு உங்கள உட்டா யாரும் இல்லக்கா.”

ரத்னா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

உங்களுக்குத் தீட்டெல்லாம் கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னால் கொடி பிழைத்துவிடும். ஆனால் அது அண்ணாவின் வார்த்தை.

புருஷனுக்குப் பத்து நாள் என்று உள்ளதைச் சொன்னால், தொட்டியில் குச்சிதான் மிஞ்சும்.

“அக்கா? லைன்ல கீறீங்களா?”

“மூணு நாள்தான்” என்றாள். புருஷனுக்கு அப்படி ஒரு கணக்கு எங்கேயும் கிடையாது. “நேத்தோட முடிஞ்சுடுத்து. தலைக்குக் குளிச்சுட்டு, எடுத்து உள்ள வச்சுடுங்கோ, மாப்பிள்ளை.”



“தோ, குளிக்கறேங்க்கா” என்று போனை வைத்தார் வலியுல்லா.

“ரத்னா, பூ ஆச்சா?” என்றபடி அண்ணா படியேறி வந்தார்.

அவள் காலிக் குடலையைத் தரையில் வைத்தாள்.

“நான் தொடப்படாது, அண்ணா.”

அறுபதைத் தாண்டிய தங்கையை அவர் ஒரு கணம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. குடலையை எடுத்துக்கொண்டு தாமே பறிக்கத் தொடங்கினார்.

ரத்னா, தன் நிழல்கூடக் கொடியின் மேல் படாமல், தள்ளிப் போய் நின்றாள்.

நாளைக்குப் பூக்க வேண்டிய மொட்டுகள் கொடி முழுவதும் இருந்தன.