பிறந்த வீட்டுக் கட்டுச்சோறு

போத்தனூர் வீட்டு மாடியில், ஆறு மாதமாகத் தொட்டியில் வளர்த்த தாய்லாந்துத் துளசியைச் சாந்தாமணி கடைசியாகத்தான் கிள்ளினாள்.

"முன்னாலயே போட்டா வாசம் ஆவியாப் போயிருமுங்க. அடுப்பை அணைச்சுப்போட்டுத்தான் குழம்புல போடோணும்."

கணவர் தங்கராசு தவித்தார். "வெரசா ஆகட்டும் அம்மணி! ஏழாம் மாசக் கட்டுச்சோறு பொறந்த ஊட்டுல இருந்து இன்னும் வரலையான்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. மாசமா இருக்கற மருமக மாலி குனிஞ்ச தலை நிமிரலை."

"அவளுக்குப் பிடிக்குமுங்களா?"

துளசி போட்ட குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றி எடுத்தவள், பின்கதவு வழியாக வெளியேறி, வீட்டைச் சுற்றிவந்து முன்வாசலில் நின்றாள்.

சொந்தக்காரப் பெரியம்மா ஒருத்தி சிரித்தாள். "மாமியாக்காரியே சோறு கொண்டாந்தா எப்படி?"

"இன்னிக்கு நான் பாங்காக்குல இருந்து வாரேனுங்க."

மூடி திறந்தது. துளசி வாசத்தில், தாயில்லாத மருமகள் தலை நிமிர்ந்தாள்.