இறுகிய டிரம்

பட்டறைக் கூரையின் ஓட்டை வழியே விழும் காலை வெயில், ஐம்பது வருடமாக ஓடாத காரின் பின்சக்கரத்தில் துருவேறி இறுகிக் கிடக்கும் பிரேக் டிரம்மின் மேல் நிற்கிறது. இரண்டு நாளாக எண்ணெய் விட்டும் அது அசைந்து கொடுக்கவில்லை. உடைந்தால் மாற்று டிரம் எங்கேயும் கிடைக்காது. மெக்கானிக் அக்கா மரச்சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டுகிறாள். ஒவ்வொரு தட்டுக்கும் துரு சிவந்த மாவாக உதிர்கிறது. ஆசைப்பட்டுக் காரை வாங்கிய தம்பி, தரையில் உட்கார்ந்து டிரம்மை அடியிலிருந்து தாங்குகிறான். "இழுக்காதடா, தானா வரும்," என்கிறாள். அதுவரை மொத்தென்று கேட்ட இரும்பு திடீரென்று கணீரென ஒலிக்கிறது. மறுநொடி டிரம் முனகிக்கொண்டே கழன்று அவன் மடியில் இறங்குகிறது. எங்கும் விரிசல் இல்லை. அவன் சிரிக்கிறான். அக்கா சிரிக்கவில்லை, டார்ச்சை உள்ளே சாய்த்துப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். துரு எட்டாத அச்சின் ஓரம், உறைந்துபோன கிரீஸில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஒரு கோடுகூடக் கலையாமல் இருக்கிறது. கடைசியாக இதைப் பூட்டிய யாரோ ஒருவருடையது. "நாம பொறக்குறதுக்கு முன்னாடி வெச்ச கைடா," என்கிறாள் மெதுவாக. அவன் எட்டிப் பார்க்கிறான். சிரிப்பு அடங்குகிறது. துடைக்கும் துணியை நீட்டுகிறான். அவள் வாங்கவில்லை. "இருக்கட்டும். இன்னிக்கு முன்சக்கரத்தப் பாப்போம்."