வெடிக்காத மோட்டார்

"ஏல செல்லப்பாண்டி, கற்பூரம் காட்டாம சுவிச்சுல கை வைக்காத. ஒருக்க பட்டது போதும்."

மாசானம் அண்ணாச்சி தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி ஆறுமுகத்தாய்.

மும்பை செம்பூரில் அண்ணாச்சிக்குப் பெயிண்டில் ஊற்றும் தின்னர் கலக்குகிற ஷெட். பழைய ஷெட் ஒரு மத்தியானம் எரிந்து சாம்பலாகிவிட்டது. மோட்டாரில் தெறித்த பொறிதான் காரணம் என்றார் பாக்டரி இன்ஸ்பெக்டர். பூஜை போடாமல் ஓட்டியதுதான் காரணம் என்பது அண்ணாச்சியின் கட்சி. இந்தத் தடவை இன்ஸ்பெக்டருக்காக வெடிக்காத மோட்டார் வாங்கினார், தனக்காகக் கற்பூரம் வாங்கினார்.

செல்லப்பாண்டிக்கு இது பிழைப்பு. வருஷக்கணக்காக யார் யாருக்கோ ஒயர் இழுத்தவன் தன் பேரில் பிடித்த முதல் காண்டிராக்ட். மோட்டார் ஓடினால் தாராவியில் நாலு பேர் கூப்பிடுவார்கள். ஓடாவிட்டால் பழையபடி அடுத்தவனுக்கு ஏணி பிடிக்க வேண்டியதுதான்.

மோட்டாரும் சரி, அதன் சுவிட்ச் பெட்டியும் சரி, ஆட்டுரல் கனம். பெட்டி மூடியைச் சுற்றி வரிசையாக போல்ட். எந்தப் பைத்தியக்காரன் இத்தனை போல்ட் வைத்தான் என்று திட்டிக்கொண்டேதான் முடுக்கினான். ஒன்றைக்கூட விடவில்லை. இன்ஸ்பெக்டர் தொட்டுப் பார்ப்பாரே என்கிற பயம்தான், வேறென்ன?

கற்பூரம் காட்டியபிறகு மோட்டார் மக்கர் செய்தால் தன் ராசி கெட்டுப் போகும் என்று அவனுக்கு உள்ளூர உதறல். முதலில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கெஞ்சினான். அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். பிறகு, சரி, ஒரே தடவைதான் என்றார்.

காற்றில் கற்பூரம் அணைந்துவிடும் என்று ஆறுமுகத்தாய் காலையிலேயே ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தி வைத்திருந்தாள். தின்னர் நெடி மூக்கைத் துளைத்தது. அந்த ஷெட்டில் அது புதிதா என்ன?

செல்லப்பாண்டி பொத்தானை அமுக்கினான்.

பெட்டிக்குள் யாரோ குத்துவிட்டதுபோல் 'டொம்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மோட்டார் அசையவில்லை.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒயரை மாற்றி மாட்டிவிட்டோமோ? பியூஸ் போய்விட்டதோ? வெளியே ஓடி மெயினை அணைத்துவிட்டு வந்து போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நான்தான் சொன்னேம்லா? நெருப்பைக் கும்பிடாம தொட்டா எப்படில ஓடும்?" அண்ணாச்சி தட்டைத் தரையில் வைத்துவிட்டு மனைவியிடமிருந்து தீப்பெட்டியை வாங்கினார்.

மூடி கையைச் சுட்டது. திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

காலையில் வெள்ளை வெளேரென்று இருந்த உட்புறம் அடுப்படிபோல் கருத்துக் கிடந்தது. ஒயர்களின் மேல்தோல் உருகிச் சுருண்டிருந்தது. அந்தக் கரி மூடியின் அகன்ற விளிம்போடு நின்றுபோயிருந்தது. வெளியே ஒரு பொட்டுப் புகை இல்லை. ஒரு நெருப்புப் பிரளயமே இந்த இரும்புக்குள் எழும்பி, இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. செல்லப்பாண்டிக்கு மேலெல்லாம் புல்லரித்தது. திட்டித் திட்டி முடுக்கிய அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. திரும்பினான். தீப்பெட்டியில் குச்சியை உரசப்போன அண்ணாச்சியின் கையை எட்டிப் பிடித்தான்.

"அண்ணாச்சி, இது ஓடாமப் போகல. உள்ள வெடிச்சிருக்கு."

"கிறுக்குப்பயலே, வெடிச்சிருந்தா நாம எப்படில நிக்கோம்?"

"வெளிய விடாம அந்தப் பெட்டியே வாங்கிக்கிட்டுது." அவன் கருத்த உட்புறத்தைக் காட்டினான். "உள்ள தானா என்ன இருக்கு வெடிக்க? இந்த ஷெட்டுத் தின்னர் காத்துதான் உள்ள போயி, சுவிச்சுப் பொறி பட்டு வெடிச்சிருக்கு. அதே காத்துக்குள்ளதான் அண்ணாச்சி நாம மூணு பேரும் இப்பமும் நிக்கோம்."

அண்ணாச்சி கையிலிருந்த குச்சியைத் திரும்பத் தீப்பெட்டிக்குள் போடக்கூடப் பயந்து நின்றார்.