எட்டாத தம்ளர்

செருப்பைக் கழற்றிவிட்டு டாக்டர் அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார். கவனிப்பில்லாமல் முதியவர்கள் இறந்துபோன வீடுகளுக்கு நேரில் வந்து, எங்கே தவறு நடந்தது என்று பார்ப்பது அவருக்கும் கூட வந்த நர்ஸுக்கும் வேலை. இங்கே கிடந்த பெரியவர் போன வாரம் உடம்பில் நீர் வற்றி இறந்தார். கட்டிலின் நடுப்பகுதியை ஒட்டிய ஸ்டூலில் ஒரு தம்ளர் தண்ணீர். அதில் விழுந்த ஜன்னல் வெயில் கூரையில் நெளிகிறது. பஸ் ஓட்டுகிற மகன் உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "வேலைக்குப் போறப்ப தெனமும் வெச்சுட்டுத்தான் போவேன் டாக்டர். வந்து பாத்தா அப்படியே இருக்கும். தாகமில்ல போலன்னு விட்டுட்டேன்." இன்று காலையும் கைப்பழக்கத்தில் நிரப்பி வைத்திருக்கிறான். பெரியவருக்குப் பக்கவாதத்தில் விழுந்துபோனது இடது கை; பேச்சும் போயிருந்தது. டாக்டர் தன் இடது கையை மார்பில் கிடத்திவிட்டு வலது கையை நீட்டுகிறார். சுவர் தட்டுகிறது. தண்ணீர் மறுபக்கம். "தலகாணிய அந்தக் கோடியில போட்டிருந்தா நல்ல கை தண்ணிப் பக்கம் வந்திருக்கும்," என்கிறார் நர்ஸ், மெதுவாக. "இனிமே போற வீட்லெல்லாம் மொதல்ல இதப் பாக்கணும்." மகன் வந்து தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டு, மேடுபள்ளம் இல்லாமல் தட்டிவிடுகிறான். டாக்டர் தலைமாற்றிப் படுக்கிறார். "இப்ப எட்டுதா?" குனிந்து கேட்கிறான், அப்பாவிடம் பேசுகிற குரலில். வலது கை தம்ளரைத் தொடுகிறது. டாக்டர் எழுந்து உட்கார்ந்து, அவன் வைத்த தண்ணீரை மிச்சமில்லாமல் குடிக்கிறார்.